இடது காலின் வேலை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மோட்டார் காருக்குப் 'பிளஷர்' என்று பேர் இருந்தது. சாமான் ஏற்றும் வண்டியிலிருந்து பிரித்துச் சொல்ல வெள்ளைக்காரன் 'பிளஷர் கார்' என்று வைத்த பெயரில், காரை அவனிடமே விட்டுவிட்டுச் சுகத்தை மட்டும் நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள். திண்டிவனம் பக்கத்துக் கிழவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது யாருடைய சுகம் என்பதை அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. ஓட்டுகிறவனுடையதா, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போகிறவனுடையதா, சாலையோரம் நின்று புழுதியைத் துடைத்துக்கொள்கிறவனுடையதா?

அமெரிக்காவில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த பழைய கார்களை வைத்திருப்பவர்களில் ஒரு சாரார், கார் பிறந்தபோதே அதனுடன் வந்த ஆட்டோமேடிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றுகிற கியர்பாக்ஸைப் பொருத்திக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் சுகம் என்பதுதான் பதில். கையும் காலும் காதும் சேர்ந்து ஓட்டினால்தான் ஓட்டிய மாதிரி இருக்கிறதாம். அதே வேலையை நம் ஊர்ப் பட்டறைகளிலும் செய்திருக்கிறார்கள். இங்கே காரணம் வேறு: ஆட்டோமேடிக் கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடையாது, சாமான் கிடையாது. ஒரே அறுவை சிகிச்சை, இரண்டு தேசங்களில் இரண்டு நோய்களுக்கு.

நம் பக்கங்களில் எந்த வஸ்துவும் குறியீடாகாமல் தப்பித்துப் போனதில்லை. பல்லி, கண்ணாடி, கிணறு, ரயில் எல்லாமே அந்த கதியை அடைந்தாகிவிட்டது. கியர்பாக்ஸாவது கியர்பாக்ஸாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். இலக்கியம் பற்றிச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாகவே சொல்கிறேன்.

*

முதலில் யந்திரம். இன்ஜின் நின்ற நிலையிலிருந்து எதையும் இழுக்காது. நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சுற்றுகிற இன்ஜினை நிற்கிற சக்கரத்தோடு சட்டென்று கோத்தால் இன்ஜின் அணைந்து போகும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் வேண்டும். சாதாரணக் காரில் அந்தச் சமரசத்தைச் செய்வது ஓட்டுகிறவனின் இடது கால். கிளட்சை மிதித்தால் இன்ஜினும் சக்கரமும் பிரிகின்றன. மெல்ல விட்டால் ஒரு தட்டும் இன்னொரு தட்டும் உரசி, வழுக்கி, கடைசியில் ஒன்றாகிச் சுற்றுகின்றன. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பிரிவும் சேர்க்கையும் நடக்க வேண்டும்.

ஆட்டோமேடிக் செய்தது இடது காலை வேலையிலிருந்து நீக்கியதுதான். இன்ஜின் பக்கம் ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றுகிறது. சுழலும் எண்ணெய் எதிரிலிருக்கும் இன்னொரு விசிறியைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையே கெட்டியான தொடர்பு எதுவும் இல்லை. பிரேக்கை மிதித்தால் ஒரு விசிறி நிற்க மற்றது சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜின் அணையாது. எந்தக் கியர் என்பதை எண்ணெயின் அழுத்தமும் வண்டியின் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஓல்ட்ஸ்மொபீல் காரில், 1940-ஆம் வருஷத்து மாடலுக்கு, ஹைட்ராமேடிக் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950-இல் மலிவான ஷெவர்லேயிலும் பவர்க்ளைட் என்ற பெயரில் வந்தது. பவர்க்ளைடுக்கு முன்னால் போக இரண்டே கியர். ஸ்டீரிங் தண்டின் மேல் ஒரு சின்ன முள்ளும் ஐந்து ஆங்கில எழுத்துக்களும் இருக்கும்: பி, என், டி, எல், ஆர். முள்ளை 'டி'யில் வைத்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

இந்தியாவுக்கு ஆட்டோமேடிக் அதிகம் வந்ததில்லை. 1928 முதல் பம்பாயில் ஷெவர்லே வண்டிகளைக் கோத்து விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. சென்னையில் வண்டி கோத்த ஃபோர்டும் அதே காலத்தில் போயிற்று. டாட்ஜ், பிளிமத் வண்டிகளைக் கோத்த பிரீமியர் கம்பெனி பிறகு ஃபியட்டுக்கு மாறியது. அதற்குப் பிறகு அமெரிக்கக் கார் என்பது தூதரகத்தார் வைத்திருந்து விட்டுப்போனதாகவோ, அரசு வாணிபக் கழகத்தின் மூலம் கைமாறியதாகவோதான் வெளியே வரும். 1973 அக்டோபர் யுத்தத்துக்குப் பின் சில மாதங்களில் கச்சா எண்ணெய் நாலு மடங்கு விலையேறியபோது அந்தக் கார்களில் பல டீசல் இன்ஜின் வைத்துக்கொண்டன. ஆறு சிலிண்டர் போய் நாலு சிலிண்டர் வந்தது, பவிஷு போய் இரைச்சல் வந்தது. கியூபாவில் 1962 தடைக்குப் பிறகு அமெரிக்கக் கார்களுக்குள் ருஷ்ய இன்ஜினும் ருஷ்ய கியர்பாக்ஸும் புகுந்ததைப் பற்றி உலகமே படம் எடுக்கிறது. புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் அதே வித்தை தினப்படிப் பிழைப்பாக நடந்தது. படமெடுக்கத்தான் ஆள் இல்லை.

*

என் பெரியப்பாவிடம் 1956-ஆம் வருஷத்து ஷெவர்லே ஒன்று இருந்தது. நாலு கதவு, ஆறு சிலிண்டர், பவர்க்ளைட், இடது பக்கம் ஸ்டீரிங். 1971-இல் சென்னைத் தரகர் ஒருவர் மூலம் வாங்கியது. தூதரகத்து வண்டி என்று சொல்லி விற்றார்களாம். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் வைத்திருந்தவருக்கு அது தகுதிக்கு மீறிய வண்டி என்று ஊரில் பேச்சு. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

பேசிய ஊர் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெரியப்பாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. இடுப்பிலிருந்து கையால் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். அந்நாளில் இந்தியாவில் விற்ற அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் எதையும் அவரால் ஓட்ட முடியாது. ஓட்டக் கூடிய கார் என்று அவருக்கு இருந்தது, தற்செயலாக ஏதோ ஒரு அமெரிக்கன் தன் சௌகரியத்துக்காக வாங்கி விட்டுப்போன அந்த வண்டி ஒன்றுதான். ஊர் அதை ஆடம்பரம் என்றது. அது அவருடைய இடது கால்.

முப்பது வருஷம் ஓட்டினார். மயிலம், செஞ்சி, பாண்டிச்சேரி, கொள்முதலுக்கு விக்கிரவாண்டி, கோர்ட்டு வேலையாக விழுப்புரம். தெருவில் கம்பு ஊன்றி நடக்கும்போது விலகி நின்று பரிதாபப்பட்டவர்கள், அவர் கார் வரும்போதும் விலகி நின்றார்கள். இரண்டு விலகலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத் தனக்கு ஒரு கார் தேவைப்பட்டது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் சொன்னவற்றில் இலக்கியத்துக்கு அருகில் வந்த ஒரே வாக்கியம் அதுதான். மற்றபடி அவர் பேசியது விலையும் எடையும்.

2001 வாக்கில் பெட்டி மக்கர் செய்யத் தொடங்கியது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போய் எண்ணெய் அழுத்தம் நிற்கவில்லை. முதலில் ரிவர்ஸ் போயிற்று. ரிவர்ஸ் இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்டினார். எங்கே போனாலும், திரும்பாமல் வளைந்தே வெளியே வர வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போவார். முட்டுச் சந்தில் வீடு இருந்த உறவினர்களுடன் போக்குவரத்து நின்றுபோயிற்று. மில் வளாகத்தின் பின்சுவரை இடித்து இரண்டாவதாக ஒரு கேட் வைத்தார், இந்த வழியில் நுழைந்து அந்த வழியில் வெளியேற. வாஸ்து பார்த்து வைத்ததாக ஊரில் நினைத்துக்கொண்டார்கள்.

2003 கோடையில் 'டி'யும் நழுவ ஆரம்பித்தது. இன்ஜின் அலறும், வண்டி நகராது. விழுப்புரத்தில் பழைய லாரிகளுக்குக் கைராசிக்காரர் என்று பெயரெடுத்திருந்த ஒரு பாயிடம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. விளக்குப் பிடிக்க ஒரு பையன் வேண்டியிருந்தது.

பாய் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். வார்ப்பிரும்புப் பெட்டி, நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். உள்ளே எண்ணெய் போகிற தடங்கள் எறும்புப் புற்றை அறுத்து வைத்த மாதிரி வளைந்து வளைந்து போயின. வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"மொதலாளி, இது தானா யோசிக்கிற பொட்டி. நம்ம பக்கத்துல சொன்னதச் செய்யிற பொட்டிதான் கெடைக்கும்."

பெரியப்பா புரிந்துகொண்டார். ஆனாலும், "அத வச்சா ஓடுமா பாய்?" என்று கேட்டார்.

"வண்டி ஓடும்" என்றார் பாய். 'வண்டி' என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது. அவருடைய பார்வை பெரியப்பாவின் காலுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

ஆட்டோமேடிக் வைத்த சின்னக் கார்கள் அப்போதே இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்தன. ஆனால் மில் அந்த வருஷங்களில் கடனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காரை அப்படியே நிறுத்திவிடலாம் என்று பெரியம்மா சொன்னாள். பெரியப்பா கேட்கவில்லை. "நிக்கிற வண்டிய வச்சிக்கினு நான் என்னா பண்றது? ஓடட்டும். எவனாவது ஓட்டட்டும்" என்றார்.

*

வேலை இருபத்தோரு நாள் நடந்தது. புதுப்பேட்டையிலிருந்து பழைய ஷெவர்லே லாரி ஒன்றின் கியர்பாக்ஸ் வந்தது. யுத்தத்துக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட டிஸ்போசல் லாரியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஷெவர்லே ஆறு சிலிண்டர் இன்ஜின்களில், லாரியானாலும் காரானாலும், பின்முகத்தில் போல்ட் மாட்டும் துளைகள் ஒரே வரிசை. ஆகவே லாரியின் பெல் ஹவுசிங் கார் இன்ஜினில் போய் உட்கார்ந்தது. உட்காருவதோடு காரியம் முடிந்துவிடாது. அந்த மாடல் காரில் இன்ஜினின் பின்பாரத்தை பெல் ஹவுசிங்தான் இரண்டு பக்கமும் தாங்குகிறது. லாரியில் அந்தத் தாங்குமிடங்கள் வேறு இடத்தில் இருந்தன. அங்குலம் அங்குலமாக அளந்து தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது.

ஆட்டோமேடிக் காரின் இன்ஜினுக்கு கனமான ஃபிளைவீல் கிடையாது. எண்ணெய் விசிறியின் கனமே போதும். அதற்கு ஒரு ஃபிளைவீல், அதன் மேல் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், தள்ளுவதற்கு ஒரு பேரிங். கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டின் மூக்கு, கிராங்க் ஷாஃப்டின் மையத்தில் ஒரு சின்ன வெண்கலப் புஷ்ஷுக்குள் நிற்க வேண்டும். ஆட்டோமேடிக் இன்ஜினில் அதற்கு இடம் தயாராக இல்லை. பாய் அளவெடுத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். கட்டைவிரல் பருமன் உள்ள அந்த வெண்கல வளையம் இல்லையென்றால் தண்டு தள்ளாடி மொத்தத்தையும் தின்றுவிடும் என்றார்.

பெல் ஹவுசிங்கின் துளையும் கிராங்கின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கப் பெரிய பட்டறைகளில் டயல் கேஜ் உண்டு. பாயிடம் இல்லை. ஃபிளைவீலில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியைத் துளையின் விளிம்பில் நிற்கும்படி வளைத்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பி நுனிக்கும் விளிம்புக்கும் உள்ள சந்து ஓரிடத்தில் காகிதம் நுழைய இருந்தது, எதிர்ப்புறத்தில் காகிதம் நுழையவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, மறுபடி சுற்றினார். அன்று முழுவதும் அதே வேலை. மாலையில் எல்லாப் பக்கமும் ஒரே காகிதம் ஒரே இறுக்கத்தில் போய் வந்தது.

சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு வெட்டி ஒட்டப்பட்டது. தரையில் கியர் ராடுக்காக ஒரு ஓட்டை போட்டார்கள். முள் 'என்'னிலோ 'பி'யிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தது. அதன் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றியாயிற்று. ஸ்டீரிங் மேலிருந்த முள்ளை எடுக்கவில்லை. அது நிரந்தரமாக 'என்'னில் நின்றது.

கடைசியாகப் பெடல். ஆட்டோமேடிக் காரில் பிரேக் பெடல் அகலமாக இருக்கும், எந்தக் காலாலும் மிதிக்கலாம். கிளட்ச் பெடலுக்கு இடம் வேண்டுமென்று அதைப் பாதியாக அறுத்தார்கள். பெரியப்பா அப்போது பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹாக்ஸா சத்தம் நிற்கிற வரை பேசவில்லை. பிறகு டீ வாங்கி வரச் சொன்னார்.

பாய் தானாகவே ஒரு முயற்சி செய்தார். கிளட்சுக்குக் கைப்பிடி வைத்து ஒரு நீள லீவர், ஹேண்ட் பிரேக் மாதிரி. அதற்குக் கூலி வாங்கவில்லை. மில் வளாகத்தில் மூன்று சாயங்காலம் பெரியப்பா அதைப் பழகினார். லாரி கிளட்ச் கல் மாதிரி இருந்தது. இடது கை லீவரை இழுக்க, வலது கை கியரை மாற்ற, ஸ்டீரிங் அனாதையாக நின்றது. கியருக்குச் சின்க்ரோ கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு தடவை அழுத்தி நடுவில் இன்ஜினின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். நாலாம் நாள் லீவரைக் கழற்றி பாயிடமே கொடுத்துவிட்டார். "மூணாவது கை வளந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் டிரைவராக வந்தார். அந்தப் பெட்டியின் முதல் கியர் பாரம் ஏற்றி மேடு ஏறுவதற்கானது, காரில் நடைவேகம்கூட வராது. "ரெண்டாவதுல எடு" என்பது பெரியப்பாவின் முதல் உத்தரவு. வலது பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது மாதத்திலிருந்து நான் பார்த்தது இது: இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்து, மாற்ற வேண்டிய நொடியில் "ம்" என்பார். டிரைவர் அந்த 'ம்'மில் கிளட்சை மிதிப்பார். நாளாவட்டத்தில் டிரைவர் தானாக மாற்றுவதையே விட்டுவிட்டார். கியர் மாற்றியது ஒருவரின் காதும் இன்னொருவரின் காலும். ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் ஒட்டுப்போட்ட தண்டு குலுங்கும். யாரும் தாண்டவில்லை. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும், ஏனென்றால் 'பி' என்ற எழுத்து இப்போது வெறும் எழுத்து. பதிமூன்று வருஷம் வண்டி அப்படி ஓடியது.

அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தனியாக எங்கேயும் போனதும் இல்லை.

*

இனி இலக்கியம்.

வாசகன் உழைக்க வேண்டும் என்பது நம் வட்டத்தின் பழைய வாக்கு. 1959-இல் 'எழுத்து' ஆரம்பித்த நாள் தொட்டு, புரியவில்லை என்ற புகாருக்கு நாம் கொடுத்து வரும் பதில் அதுதான். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. வங்கிக் கவுண்டரில் பகல் முழுவதும் யாரோ எழுதிய படிவங்களின் சுலபமான பாஷையில் புரண்டுவிட்டு வருகிறவனுக்கு, இரவில் ஒரு வரி எதிர்த்து நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். ஆட்டோமேடிக்கைக் கழற்றி எறிகிற அமெரிக்கனுக்கும் இதே ருசிதான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ருசியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: உழைக்க எல்லோருக்கும் இரண்டு கால் இருக்கிறது என்ற அனுமானம். நாம் 'சோம்பல்' என்று பெயரிட்டுத் தள்ளிய சுலபங்களில் சில, யாரோ ஒருவருக்கு உள்ளே வர இருந்த ஒரே வழியாக இருந்திருக்கலாம். இதைச் சொன்னால் ஜனரஞ்சகத்துக்கு வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். கஷ்டத்தைக் கோருகிறவன், எந்தக் கஷ்டம் பிரதியின் உயிரோடு சேர்ந்தது, எது பட்டறையின் வசதிக்காக வந்தது என்று பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டவன். நம் கவிதை மொழிபெயர்ப்புகளில் உள்ள இறுக்கத்தில் பாதி, மூலத்தில் இருந்த இறுக்கம் இல்லை. கிடைத்த லாரிப் பெட்டியை வைத்துக் கட்டியதால் வந்தது. அதை நவீனத்துவம் என்று நாம் பாராட்டி வந்திருக்கிறோம்.

இன்னொன்று. மணிக்கொடிக் காலத்தில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று ஒரு சர்ச்சை நடந்தது. புதுமைப்பித்தன் தழுவலை ஏற்கவில்லை. அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கேள்வியை 'உள்ளூர்ச் சரக்கா, இறக்குமதியா' என்று சுருக்கிவிட்டார்கள். புதுக்கவிதையைப் பற்றிய பாதி விவாதம் இந்தச் சுருக்கத்தில்தான் நடந்தது. பாய் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவருடைய கேள்வி 'ஓடுமா?'. விமர்சகர்கள் பலரைவிட அவர் முன்னால் இருந்தார் என்று நான் வெகுநாள் எழுதவும் பேசவும் செய்திருக்கிறேன். அந்தக் கருத்து மாறவில்லை, ஆனால் அதற்கு ஒரு பின்பகுதி உண்டு. 'வண்டி ஓடும்' என்று அவர் சொன்னபோது பெரியப்பாவின் காலைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் விமர்சனம். ஓடுகிறதா என்பதோடு யாருக்கு ஓடுகிறது என்று கேட்கிற பார்வை. அதற்குப் பதிலாக அவர் ஒரு லீவர் செய்தார், அது பலிக்கவில்லை. பலிக்காத அந்த லீவரின் மேல் எனக்குள்ள மரியாதை பல பலித்த காரியங்களின் மேல் இல்லை.

*

வண்டியின் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் இருக்கிறது, சேஸிஸ் எண் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு ஒரு கட்டம் கிடையாது. வங்கியில் வாகனக் கடன் பத்திரங்களைச் சரிபார்க்கும்போது தினமும் அந்தக் காகிதத்தைப் பார்க்கிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாறுதல்களைப் பற்றிப் பேசுகிறது. உடல் ஊனமுற்றவர்களின் வண்டிக்குச் சட்டத்தில் தனிப் பெயரும் உண்டு. ஆனால் பெரியப்பாவின் கார் விசேஷமாக யாருக்காகவும் செய்யப்பட்டதல்ல. ஒரு மனிதன் தன் காரை ஓட்ட முடிந்த நாளுக்கும் முடியாமல் போன நாளுக்கும் இடையே அந்தச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆவணத்தின்படி இரண்டும் ஒரே கார்.

பெரியப்பா 2016-இல் காலமானார். 2018-இல் சென்னையிலிருந்து பழைய கார்கள் சேகரிக்கிற ஒருவர் வந்தார். பண்பான மனிதர், விஷயம் தெரிந்தவர். வண்டியைச் சுற்றி வந்து உடம்பையும் கண்ணாடிகளையும் ரசித்தார். உள்ளே குனிந்து தரையிலிருந்து முளைத்திருந்த லாரி ராடைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "ஐயோ, கொன்னுட்டாங்களே சார்" என்றார். மில் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பவர்க்ளைட் பெட்டியைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. சீல்களும் தட்டுகளும் இப்போது அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்துவிடுகின்றன, ஒன்றும் பிரச்சினையில்லை, வண்டியை அசலாக்கிவிடலாம் என்றார். அண்ணன் விற்றுவிட்டார். விற்றதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வட்டி கட்டுகிறவருக்கு அசலைப் பற்றி நான் பாடம் நடத்த முடியாது.

ஆனால் 'அசல்' என்ற சொல்லை நாம் அறிவோம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடக் கைப்பிரதிகளை ஒப்பிட்டபோது ஏடு எழுதினவர்களின் வேற்றுமைகளையெல்லாம் எதிர்கொண்டார். அவருடைய பதிப்புகளில் பிரதிபேதங்களுக்கு இடம் உண்டு. மூலத்தை நிறுவுவது ஒரு காரியம்; அது எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்று காட்டுவது இன்னொரு காரியம். நல்ல பதிப்பாசிரியன் முதலாவதற்காக இரண்டாவதை அழிப்பதில்லை. கார் சேகரிப்பவர்களின் அசலில் இரண்டாவதற்கு இடம் கிடையாது. 1956-இல் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நொடியில் கார் எப்படி இருந்ததோ அதுதான் கார். பிறகு நடந்ததெல்லாம் பிழை. வெண்கலப் புஷ் பிழை, காகிதம் நுழைத்துப் பார்த்த ஒரு பகல் பிழை, பதிமூன்று வருஷத்து 'ம்' பிழை. நம்மிடையே 'தூய வடிவம்' பேசுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள ஒற்றுமையை அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

போன வருஷம் அண்ணனுக்கு அவர் சில புகைப்படங்கள் அனுப்பினார். வேலை சுத்தமாக இருந்தது. தரையில் ஓட்டை இருந்த சுவடு தெரியவில்லை. அகலமான பிரேக் பெடல் திரும்ப வந்திருந்தது. முள் 'பி'யில் நின்றது, இம்முறை அந்த எழுத்துக்கு அர்த்தம் உண்டு. வண்டி வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை கண்காட்சிக்குப் போகிறதாம், மற்ற நாட்களில் உறைபோட்டு மூடி வைக்கிறார்களாம். அதாவது பெரியப்பா ஓட்டக் கூடிய நிலைக்கு வண்டி மறுபடியும் வந்துவிட்டது. ஓட்ட வேண்டிய தேவை இல்லாத ஒரு வீட்டில்.

திண்டிவனத்து மில்லில் இப்போது உடைப்பு இல்லை, குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நெல் மூட்டை ஏற்றி வரும் லாரிகள் முன்கேட்டில் நுழைந்து, பின்னோக்கி எடுக்காமல், பின்கேட் வழியாக நேரே வெளியே போகின்றன. இப்படி வசதியாக யோசித்துக் கட்டியது யார் என்று டிரைவர்கள் கேட்பதுண்டாம். வாஸ்து என்று காவல்காரர் சொல்கிறார்.